தாளப் பெட்டியும் கணினித் திரையும்

என் தாய்மாமன் மெல்லிசைக் கச்சேரிகளில் பேட் வாசித்து ஜீவனம் செய்தவர். திருவல்லிக்கேணியில், கடற்காற்று தாராளமாக வந்துபோகும் ஒரு சந்து வீட்டில், மாடிப்படிக்கு அடியில் கிடைத்த சிறு அறையைத் தம் வித்தைக்கு உரிய இடமாக அவர் ஒழித்து வைத்துக்கொண்டிருந்தார். பகலெல்லாம் அங்கே ரப்பரின்மேல் குச்சி படும் மெத்தென்ற ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் வாசிப்பதால், அவருடைய செவிக்குள் தபேலாவும் தவிலும் டிரம்ஸும் முழங்கிக்கொண்டிருக்க, வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அந்த மெத்தொலி ஒன்றே பிராப்தமாகும். ஆயினும் அதைக் கேட்டே அவர் இன்ன பாட்டுக்கு வாசிக்கிறார் என்று சொல்லும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது. வாத்தியத்தின் நாதமெல்லாம் கழிந்துபோன பிறகும் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே லயம் என்பதை, ஒருவரும் எடுத்துச் சொல்லாமல், அங்கேதான் நான் தெரிந்துகொண்டேன். வீட்டில் இருந்தபடி தாளக்கட்டு அமைப்பதற்கு யந்திரம் உகந்ததா, கணினியில் ஓடும் மென்பொருள் உகந்ததா என்று பிற்காலத்தில் பலர் என்னிடம் கேட்டபோதெல்லாம், என் யோசனை அந்த மெத்தொலியிலிருந்துதான் புறப்பட்டது.

அவரிடம் இருந்தது ரோலண்டு கம்பெனியின் ஆக்டபேட். 1985-இல் ஜப்பானிலிருந்து வெளிவந்த முதல் ஆக்டபேடுக்குத் தனக்கென்று ஒரு குரல் கிடையாது. வரிசைக்கு நான்காக இரண்டு வரிசையில் எட்டு ரப்பர்க் கட்டங்கள். எந்தக் கட்டத்தில் அடி விழுந்தது, எவ்வளவு அழுத்தமாக விழுந்தது என்பதை மிடி கம்பி வழியாக வேறோர் ஒலிப்பெட்டிக்குச் சொல்லி அனுப்புவது மாத்திரமே அதன் காரியம். பிறகு வந்த பேடுகளில் ஒலிகளும் உள்ளேயே குடியேறிவிட்டன. அந்த ஒரு பலகை மேடையில் ஏறியதும், தபேலா, டோலக், தும்பா, டிரம்ஸ் என்று நான்கு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் நின்று வாசித்தால் போதும் என்று ஆயிற்று. குழு நடத்துபவருக்கு வேனில் இடமும் சம்பளத்தில் சிக்கனமும் கிடைத்தன. அப்படி இடம் இழந்தவர்களில் பலர் வேறு தொழிலைத் தேடிக்கொண்டு போனார்கள். மாமா தும்பா வாசித்து வந்தவர்; காலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கண்டு, முப்பது வயதுக்குமேல் குச்சி பிடிக்கக் கற்றுக்கொண்டு பேடுக்கு மாறியவர். அந்த மாற்றத்தில் பிழைத்தவர் என்பதனால் அவருக்குத் தம் பழைய சகாக்களிடம் ஒரு கூச்சம் கடைசி வரையில் இருந்தது. யந்திரத்தைப் பற்றி யார் உற்சாகமாகப் பேசினாலும், "அதனால எத்தனை பேருக்கு வேலை போச்சு தெரியுமா?" என்று அவர் முதலில் கேட்பார். அதைக் கேட்டுவிட்டு மேலே பேசுவதே நியாயம் என்று எனக்கும் தோன்றுகிறது.

உலகத்தில் வேறு இடங்களில் இத்தகைய யந்திரங்கள் வேறு விதமாக வீடுகளுக்குள் நுழைந்தன. ரோஜர் லின் என்ற அமெரிக்கர் 1980-இல் வெளியிட்ட எல்.எம்.-1 என்ற பெட்டிதான், உண்மையான டிரம்ஸின் ஒலியை இலக்கமாகப் பதிந்து வைத்துக்கொண்டு வாசித்த முதல் தாள யந்திரம். விலையோ ஐயாயிரம் டாலர் அளவில் இருந்தபடியால் அது பெரிய ஸ்டூடியோக்களுக்கே எட்டியது. அதே ஆண்டில் ரோலண்டு வெளியிட்ட டி.ஆர்.-808 உண்மையான டிரம்ஸைப் போல ஒலிக்கவே இல்லை என்று பலரும் ஒதுக்க, சுமார் 12,000 பெட்டிகளோடு 1983-இல் அதன் உற்பத்தியும் நின்றது. அப்படி ஒதுக்கப்பட்டதனாலேயே அது பழைய சாமான் கடைகளில் மலிவாக இறங்கி, கையில் பணமில்லாத இளைஞர்களின் படுக்கையறைகளுக்குப் போய்ச் சேர்ந்து, அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் சங்கீதத்துக்கு அஸ்திவாரமாயிற்று. பம்பாயில் சினிமா வாத்தியக்காரராக இருந்த சரண்ஜித் சிங், 1982-இல் அந்த 808-இன் தாளத்தின்மேல் பத்து ராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அக்காலத்தில் அதை எவரும் சீந்தவில்லை, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகே உலகம் அதைத் தேடி எடுத்துக் கேட்டது. நம் கோடம்பாக்கத்தில், ஏ. ஆர். ரகுமான் 1989-இல் தம் வீட்டை ஒட்டி அமைத்துக்கொண்ட பஞ்சதன் ரிக்கார்ட் இன் என்ற சிறு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து 1992-இல் 'ரோஜா' புறப்பட்ட பிறகு, வீட்டில் இருந்தபடியே பெரிய காரியம் செய்யலாம் என்ற நம்பிக்கை எங்கள் தெருப் பையன்களுக்கு எல்லாம் உண்டாகிவிட்டது. அந்தப் பையன்களில் நானும் ஒருவன்.

எங்கள் வீட்டுக்கு எம்.பி.சி. வந்தது 2000-க்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னர். ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றைக் கலைத்தபோது, மாமாவுக்கு வரவேண்டியிருந்த பழைய பாக்கிக்கு ஈடாக அந்தப் பெட்டியை எடுத்துக்கொள்ளும்படி சொன்னார்கள். ரோஜர் லின்னின் சொந்தக் கம்பெனி மூடப்பட்ட பிறகு, அவர் அகாய் கம்பெனிக்காக அமைத்துக் கொடுத்த எம்.பி.சி.-60, 1988-இல் வெளிவந்தது. அதன் வம்சத்தில் பின்னால் வந்த 2000 எக்ஸ்.எல். என்ற பெட்டி எங்களுடையது. நான்குக்கு நான்காகப் பதினாறு சாம்பல் நிற ரப்பர்க் கட்டங்கள், நிமிர்த்திக்கொள்ளக்கூடிய ஒரு சிறு திரை, விரலால் சுழற்றும் ஒரு சக்கரம், ஒரு பிளாப்பி வாய். ஆக்டபேடில் குச்சியால் அடிக்க வேண்டும். இதில் விரல் நுனியால் அடிக்க வேண்டும். தும்பா வாசித்த கை அல்லவா? இருபது ஆண்டுக் காலம் குச்சி பிடித்த பிறகு மறுபடியும் தோலின்மேல் விரல் வைத்ததுபோல இருக்கிறது என்று மாமா சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் கண்ட சந்தோஷத்தை நான் வேறு எந்தக் கச்சேரியின் முடிவிலும் கண்டதில்லை.

அந்தப் பெட்டியில், கூடுதல் சில்லு எதுவும் பொருத்தாத நிலையில், நினைவாற்றல் இரண்டு மெகாபைட். ஒற்றைத் தடத்தில் பதிந்தால் இருபது வினாடிக்குச் சற்றே மேல். அவ்வளவே அதன் சொத்து. ஒரு பிளாப்பியில் சுமார் 16 வினாடிதான் கொள்ளும் என்பதால், பெட்டியில் நிரம்பியதை முழுவதும் சேமிக்க இரண்டு பிளாப்பி வேண்டும். இந்த இருபது வினாடிக்குள் ஒரு தவிலை அடக்கிவிட வேண்டும் என்று நாங்கள் தீர்மானித்தோம். ஏனென்றால் பெட்டியோடு வந்த ஒலிகளில் தவில் இல்லை, பறை இல்லை, உறுமியும் இல்லை. மாமாவுக்குச் சிநேகிதரான ஒரு தவில் வித்வான் ஒரு நாள் மத்தியானம் வந்து மாடிப்படி அறையில் உட்கார்ந்தார். வலக்கை விரல்களில் கூடுகளைப் போட்டுக்கொண்டு வலந்தலையில் ஒரு சொல், பூவரசங்கழியால் தொப்பியில் ஒரு சொல், என்று ஒவ்வொன்றாக அவர் வாசிக்க, மாமா மைக்கை ஒரு சாண் இப்படியும் ஒரு சாண் அப்படியும் நகர்த்தி நகர்த்திப் பதிந்தார். சொல்லின் ஆரம்பத்தில் இருக்கும் மௌனத்தை ஒரு துளிகூட விடாமல் வெட்டி எறிய வேண்டும். அந்த மௌனம் எஞ்சினால், அடித்த க்ஷணத்துக்கும் ஒலித்த க்ஷணத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்து தாளமே பின்வாங்கிவிடும். சொல்லின் வாலையோ, அடுத்த சொல் வருவதற்குள் அணையும்படி, நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அறுக்க வேண்டும். அன்று மாலைக்குள் பதினாறு கட்டங்களில் பதினாறு சொற்கள் அமர்ந்தன. வித்வான் தாமே விரலால் கட்டங்களைத் தட்டிப் பார்த்தார். தனித்தனியாகத் தட்டியபோது திருப்தியாகத் தலையசைத்தவர், தொடர்ந்து ஒரே சொல்லை வேகமாகத் தட்டியபோது கையை எடுத்துக்கொண்டு, "எல்லாம் ஒரே அடியா இருக்குதே! நான் ரெண்டு அடியை ஒரே மாதிரி அடிச்சதே இல்லீங்களே" என்றார்.

யந்திரத்தின் குறை அத்தனையையும் அந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டார். தவிலில் அடுத்தடுத்து விழும் இரண்டு அடிகள் ஒன்றுக்கொன்று சகோதரர்களே தவிர, ஒன்றின் பிரதி மற்றொன்று அல்ல. அதற்குப் பரிகாரம், ஒரே சொல்லை ஐந்தாறு விதமாகப் பதிந்து, மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்வது. இருபது வினாடிப் பெட்டியில் அதற்கு இடம் ஏது? நியூயார்க்கின் இளைஞர்களும் இதே நெருக்கடியில் இருந்திருக்கிறார்கள். 1987-இல் வந்த எஸ்.பி.-1200 என்ற பெட்டியில் பதிவுக்கு இருந்த மொத்த இடம் பத்து வினாடி. ஆகையால் அவர்கள் நிமிஷத்துக்கு 33 சுற்றுப் போக வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டி, சுருங்கிய நேரத்தில் பதிந்துகொண்டு, பெட்டிக்குள் அதன் சுருதியை மறுபடியும் கீழே இறக்கினார்கள். அப்படி இறக்கும்போது ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறும். இடம் போதாமையினால் பிறந்த அந்தச் சொரசொரப்பே பின்னர் ஒரு சம்பிரதாயத்தின் ருசியாகிவிட்டது. அதை மெச்சுகிறேன், என்றாலும் ஏழ்மையில் பிறந்தது என்பதற்காகவே ஒன்றைப் பூஜிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் தவிலுக்குச் சொரசொரப்பு வேண்டியதில்லை, இடம்தான் வேண்டியிருந்தது.

அந்த இடத்தைக் கொடுத்தது கணினி. ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிக் கூட்டிய என் கணினியில், பெல்ஜியம் தேசத்தைச் சேர்ந்த டிடியே டம்ப்ரான் எழுதி இமேஜ்-லைன் கம்பெனி 1997-இன் இறுதியில் வெளியிட்ட புரூட்டி லூப்ஸ் என்ற மென்பொருளின் பிந்திய பதிப்பு ஒன்று ஓடியது. 2003-இல் அதற்கு எப்.எல். ஸ்டூடியோ என்று பெயர் மாறிற்று. வட்டில் இடம் உள்ளவரையில் தவில் சொற்களை அதில் சேர்த்துக்கொண்டே போகலாம். வித்வானை மறுபடியும் வரவழைத்து, ஒவ்வொரு சொல்லையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று பல தரத்தில் பதிந்து அடுக்கிய பிறகு, அதே வித்வான் கேட்டுவிட்டு, "இது கொஞ்சம் ஆளு மாதிரி இருக்குது" என்றார். ஒலியின் சம்பத்து என்ற ஒரு விஷயத்தில், கணினியோடு அந்தப் பழைய பெட்டியை ஒப்பிடுவதற்கே நியாயமில்லை என்று அன்றைக்கே எனக்கு நிச்சயமாகிவிட்டது.

ஆனால் தாளக்கட்டு என்பது ஒலி மாத்திரம் அன்று. புரூட்டி லூப்ஸில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நேராகப் பதினாறு சிறு சதுரங்கள் வரிசையாக நிற்கும். எலியைப் பிடித்து, பல்லாங்குழியில் சோழி இடுவதுபோல, வேண்டிய சதுரத்தில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டே போனால் தாளம் சுழலத் தொடங்கிவிடும். கையே தட்டத் தெரியாத ஒருவர்கூடக் கால்மணி நேரத்தில் ஒரு பீட் போட்டுவிடலாம். இது சாமானியமான உபகாரம் அல்ல. வாத்தியம் வாங்க வசதியில்லாத எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்தச் சதுரங்கள்தான் சங்கீதத்தின் வாசலைத் திறந்துவிட்டன என்பதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆயினும், நான் இரவெல்லாம் உட்கார்ந்து அழகாக அடுக்கிய ஒரு தாளக்கட்டை மாமாவுக்குப் போட்டுக் காட்டியபோது, அவர் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். சதுரங்கள் பச்சையும் சிவப்புமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, கையை நீட்டி மானிட்டரின் ஸ்விட்சை அணைத்தார். "இப்பப் போடு, கேப்போம்" என்றார். அறை இருண்டது. ஒலிபெருக்கியிலிருந்து அதே தாளம் வந்தது. நான்கு சுற்று ஆன பிறகு மாமா மெதுவாக, "மூணாவது அடியில ஆளே இல்லையேடா" என்றார்.

அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கிற்று. மூன்றாவது அடியில் ஒலி இருந்தது. அது இருக்க வேண்டிய சதுரத்தில், கோடு பிசகாமல் இருந்தது. அதை அங்கே வைத்தது என் கண். என் உடம்பு எந்த க்ஷணத்திலும் அந்த அடிக்காகக் காத்திருக்கவில்லை. திரை எரிந்தவரையில் சித்திரத்தின் ஒழுங்கே காதுக்கும் ஒழுங்காகத் தோன்றிக்கொண்டிருந்தது. அன்று முதல் என் வழக்கம் ஒன்றே: எதை அமைத்தாலும் திரையை அணைத்துக் கேட்காமல் முடித்ததாகக் கொள்வதில்லை.

இந்தச் சூக்ஷ்மத்தை எங்களுக்குத் தெளிவாகக் காட்டிக் கொடுத்தது டப்பாங்குத்து. ஆறு எட்டு என்று வாத்தியக்காரர்கள் சொல்லும் அந்த நடையை எழுதிக் காட்டினால் சுலபம்: தகிட, தகிட. தெருவில் சவ ஊர்வலத்தின் முன்னே பறையடித்துப் போகிறவர்களின் கையில் கேட்டால், அது மூன்றாகவும் பிரியாமல் இரண்டாகவும் பிரியாமல், இரண்டுக்கும் நடுவே எங்கோ ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும். அந்த ஊஞ்சலுக்கு எம்.பி.சி.யில் ஒரு ஸ்தானம் உண்டு. ரோஜர் லின் தம் பெட்டிகளில் ஸ்விங் என்ற பெயரில் வைத்த ஓர் ஏற்பாடு அது: ஜோடி ஜோடியாக வரும் அடிகளில் இரண்டாவதைச் சற்றுத் தள்ளிப் போடுவது. ஐம்பது சதவிகிதம் என்றால் இரண்டும் சமம், அறுபத்தாறு என்றால் சரியாகத் திஸ்ரத்தின் நீளம்-குறுக்கம், எழுபத்தைந்துதான் எல்லை. நாங்கள் இருவரும் சக்கரத்தை ஒவ்வொரு எண்ணாக நகர்த்திக் கேட்டோம். அறுபத்தாறில் வால்ட்ஸ் நடனத்தின் வாசனை அடித்தது. ஐம்பத்தைந்தில் சினிமாப் பாட்டு. அறுபத்தாறுக்குச் சற்றுக் கீழே ஓர் இடத்துக்கு வந்தபோது, மாமாவின் தோள் தானாக அசைந்தது. எங்கள் தெருவின் குத்து அங்கேதான் இருந்தது. அதற்குப் பிறகும், அந்த எண்ணை வைத்துப் போட்டதைவிட, டைமிங் கரெக்ட் என்ற திருத்தும் ஏற்பாட்டை முற்றிலும் நிறுத்திவிட்டு மாமா விரலால் வாசித்ததே உயர்வாக இருந்தது; ஏனெனில் அவருடைய விரல் ஒவ்வொரு சுற்றிலும் அந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொண்டிருந்தது. டெட்ராய்ட் நகரத்தின் ஜே டில்லா இதே வழியில்தான் நடந்தவர் என்று பிறகு அறிந்துகொண்டேன். திருத்தத்தை நிறுத்திவிட்டுக் கையால் வாசித்து, அடிகளைக் கோட்டுக்கு முன்னும் பின்னும் விட்டு, 2006-இல் முப்பத்திரண்டு வயதில் மறைவதற்குள் ஒரு புதிய நடையையே உண்டாக்கிவிட்டுப் போனார். அவருடைய எம்.பி.சி.-3000 இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியானால் கணினியோடு ஒரு விசைப்பலகையை இணைத்து, விரலாலேயே வாசித்துவிடலாமே என்று கேட்கலாம். நானும் அதைத்தான் செய்தேன். அந்த நாளில் சாதாரண ஒலி அட்டை பொருத்திய கணினியில், விசையை அழுத்திய பிறகு ஒலி வருவதற்குள் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். பத்து மில்லி வினாடி என்பது சுமார் மூன்றரை மீட்டர் தூரத்திலிருந்து ஒலி வந்து சேரும் காலம். அவ்வளவு தள்ளி நிற்கும் தவிலோடு நாகஸ்வரம் ஒத்துப் போகும். நூறு மில்லி வினாடியோ, தெருவின் மறுகோடியில் நிற்கும் தவில். அதனோடு எவராலும் ஒத்து வாசிக்க முடியாது. ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-இல் வகுத்த ஆசியோ என்ற முறை, தகுந்த ஒலி அட்டைகளோடு மெள்ள மெள்ளப் பரவிய பிறகு, இந்த இடைவெளி பத்து மில்லி வினாடியின் அக்கம்பக்கத்துக்கு இறங்கிற்று. யந்திரத்தின் பக்தர்கள் இந்த ஒரு குறையை வைத்துக்கொண்டு கணினியை நெடுங்காலம் ஏசினார்கள். அவர்களுடைய மிடி கம்பியும் க்ஷணத்தில் காரியம் முடிப்பது அல்ல என்பதை அவர்கள் கவனிப்பதில்லை: வினாடிக்கு 31,250 துணுக்கு என்று 1983-இல் வகுத்த வேகத்தில், ஓர் அடியின் செய்தி போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மில்லி வினாடி ஆகும், பத்து அடி ஒன்றாக விழுந்தால் பத்தாவது அடி அத்தனை பின்தங்கியே போகும். இன்று இரண்டு பக்கத்திலும் இது பேசத்தக்க குறையாக இல்லை.

நம் நடைகளைப் பொறுத்தவரையில் இரண்டுமே மேல்நாட்டுக் கணக்கில் அமைந்தவை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எம்.பி.சி. ஒரு தாள அட்சரத்தை 96 பங்காக வகுத்துக்கொள்கிறது. 96 நாலால் பிரியும், சதுரஸ்ரத்துக்கு வழி. மூன்றால் பிரியும், திஸ்ரத்துக்கு வழி. ஐந்தால் வகுத்தால் 19.2, ஏழால் வகுத்தாலும் மிச்சம் நிற்கும். அதன் திருத்தும் ஏற்பாட்டிலும் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அவற்றின் திஸ்ர வடிவங்கள், இவ்வளவே உண்டு. கண்டத்துக்கும் மிஸ்ரத்துக்கும் இடம் கிடையாது. மென்பொருளில் பின்னாளில் அந்த 96-ஐ 960 வரையில் உயர்த்திக்கொள்ள முடிந்தது. அப்போது கண்டம் 192 என்று பிசிறில்லாமல் பிரிந்தது, மிஸ்ரம் அதற்கும் அடங்கவில்லை. மிச்சம் நிற்கும் அந்த அணுவளவு பிசகு காதுக்குத் தெரியாது என்பது உண்மைதான். இதனால் நேர்ந்த விளைவுதான் எனக்கு ஆச்சரியம். பெட்டியில் கண்ட நடை வேண்டுமென்றால் திருத்தத்தை நிறுத்திவிட்டுக் கையால் வாசித்தே தீர வேண்டும். ஆகவே மாமாவின் கண்டமும் மிஸ்ரமும் எப்போதும் உயிரோடு இருந்தன. கணினியில் நான் ஐந்து சம பங்காகக் கோடு கிழித்து அடுக்கிய கண்டம், கணக்கில் அவருடையதைவிடச் சுத்தமாகவும், கேட்பதற்கு அவருடையதைவிடச் சப்பென்றும் இருந்தது.

மற்றச் சௌகரிய அசௌகரியங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் நின்றால் பெட்டியும் மறந்துவிடும், கணினியும் மறந்துவிடும்; 2012-ஐ ஒட்டிய காலத்தில் சென்னையிலேயே தினந்தோறும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, மின்கலத்தோடு கூடிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கி இரண்டையும் அதில் மாட்டினோம். எந்த உலோகத்தையும் விட்டுவைக்காத திருவல்லிக்கேணிக் காற்று பெட்டியின் பொத்தான்களையும் அரித்தபோது, ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவர் அவற்றைப் புதிதாக மாற்றி ஈயம் வைத்துக் கொடுத்தார். வயதாகி உணர்ச்சி மந்தித்துப்போன கட்டங்களின் அடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு படலமாக ஒட்டினால் மறுபடியும் லேசான தொடுதலுக்கும் பேசும் என்ற உபாயத்தையும் கண்டுகொண்டோம். கணினிக்கு இந்த உபசாரம் எதுவும் வேண்டாம். அது கெட்டால் வேறொன்றை வாங்கிப் பழைய வேலைகளை அப்படியே அதில் இறக்கிக்கொள்ளலாம்.

மாமாவுக்கு அறுபது வயதுக்குமேல் கண் மங்கலாயிற்று. அதுவரையில் நான் யோசித்திராத ஒரு வித்தியாசம் அப்போது புலப்பட்டது. கணினித் திரையில் இருந்த எதுவும் அவருக்குப் பிரயோஜனப்படவில்லை. அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் அவருக்கு மனத்தில் இருந்த தாளம் கலைந்துபோகும். பெட்டியிலோ ஒவ்வொரு பொத்தானும் என்றைக்கும் இருந்த இடத்தில் இருந்தது. இடது கைப் பெருவிரல் எங்கே போக வேண்டும், வலக்கை எங்கே காத்திருக்க வேண்டும் என்பது அவர் கைகளுக்குத் தெரியும்; திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்பதுகூட அபூர்வம். கண் சரியாகத் தெரியாத அந்த ஆண்டுகளில்தான் அவர் தம் வாழ்நாளில் மிக நேர்த்தியான தாளக்கட்டுகளை அமைத்தார். கைக்கு ஒரு ஞாபகம் உண்டு, அது நிலையான இடத்தை நாடுகிறது, திரையில் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் சித்திரத்தில் அது வேர்விட மாட்டாது என்று எனக்கு அப்போது உண்டான அபிப்பிராயம் இன்றுவரை மாறவில்லை.

அவர் அமைத்தவற்றை எல்லாம் அறைக்கு வெளியே கொண்டுபோனது கணினிதான் என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டியின் சத்தத்தைக் கணினியில் தடம் தடமாகப் பதிந்து, ஒவ்வொன்றின் அளவையும் நிதானமாகக் கூட்டிக் குறைத்து, தவிலின் கீழ்நாதம் பாஸ் கிட்டாரோடு மோதும் இடத்தில் ஒன்றை ஒதுக்கி மற்றொன்றுக்கு வழிவிட்டு, குறும்படங்களுக்கும் கிறிஸ்தவ பக்திப் பாடல்களுக்கும் அம்மன் பாட்டு ஆல்பங்களுக்கும் நாங்கள் ரிதம் புரோகிராமிங் செய்து கொடுத்தோம். அந்த வேலைக்குத் திரை வேண்டும், எலி வேண்டும், பிழையாகப் போட்டதை உடனே பின்னோக்கி அழிக்கும் வசதி வேண்டும். சிறிய பெட்டித் திரையைக் கொண்டு அதைச் செய்வது வீண் பிரயாசை. இரண்டு பக்கத்துக் கம்பெனிகளும் இதை உணர்ந்துதான் இருக்கின்றன. 2009-இல் பெர்லின் நகரத்து நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட மஷீன், பதினாறு கட்டங்களைக் கையில் கொடுத்து மூளையைக் கணினியில் வைத்தது. 2017-இல் வந்த எம்.பி.சி.கள் முழுக் கணினியையே பெட்டிக்குள் வைத்துக்கொண்டு தொடுதிரையோடு வந்தன. உண்மையில் பழைய பெட்டிக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது ஒரு நிரல்தான். ஆகவே சண்டை பெட்டிக்கும் நிரலுக்கும் அன்று. அடி எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பது விரலா, விழியா என்பதே கேள்வி.

மாமாவின் பேத்தி, கல்லூரியில் படிப்பவள், சென்ற ஆண்டு என்னிடம் வந்து எதை வாங்கட்டும் என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். கையில் மடிக்கணினி இருக்கிறது. அதில் ஓடும் மென்பொருளே போதும், பெரிய பெட்டிக்குச் செலவழிக்க வேண்டாம். முதலில் வாங்க வேண்டியது பதினாறு ரப்பர்க் கட்டங்கள் உள்ள ஒரு சிறிய யு.எஸ்.பி. பேட், ஓரிரு மாதம் திரையை மூடி வைத்துவிட்டு அதில் தட்டிப் பழக வேண்டும், சதுரங்களில் சொட்டு வைக்கும் வேலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவள் பேடை வாங்கினாள், பழகவும் செய்தாள். தாத்தாவின் பிளாப்பிகளில் பூஞ்சை படியாமல் தப்பியவற்றிலிருந்து அந்த வித்வானின் தவில் சொற்களை நாங்கள் இருவரும் மீட்டு அவளுடைய கணினியில் ஏற்றியிருக்கிறோம். இப்போது அவள் மிஸ்ர நடையில் ஒரு தாளக்கட்டு அமைத்துக்கொண்டிருக்கிறாள். மூன்றும் நாலுமாகப் பிரியும் அந்த ஏழில், நாலின் தொடக்க அடி அவள் விரலில் சற்று முந்தி விழுகிறது. திருத்திவிடு என்று நான் சொல்கிறேன், "வேணாம் மாமா, அப்படியே இருக்கட்டும்" என்று அவள் மறுக்கிறாள். திரையை அணைத்துவிட்டு இருவரும் பலமுறை கேட்டாயிற்று. இன்னும் அவளுக்கும் எனக்கும் அதில் அபிப்பிராய பேதம் தீரவில்லை.